செய்கூலி

புனே வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இந்த ஊர்ல நமக்கு யாரைத் தெரியும்னு எண்ணிப் பார்த்தா, ஆபீஸ் ஆட்கள், அபார்ட்மெண்ட்ல இருக்கற நாலு தமிழ்க் குடும்பம், ராஸ்தா பேட்டையில காபிப்பொடி அரைச்சுத் தர்றவர். அவ்வளவுதான். போன வருஷம் அதுல இன்னொருத்தர் சேர்ந்தார். காரணம், தங்கமணியோட பாட்டி கும்பகோணத்துல வாங்கின செப்புத் தவலை.

தவலையில ஒரு பெரிய ஒடுக்கு. உள்ளே பூசின ஈயமும் போய் செம்பு தெரியுது. அதுல புளி சேர்ந்த எதையும் வைக்க முடியாது, களிம்பு ஏறிடும். சின்ன வயசுல "ஈயம் பூசலையோ"ன்னு தெருவுல குரல் வரும். இங்க யாரைத் தேட? ஆபீஸ்ல ஒருத்தர் கசபா பேட்டையில 'தாம்பட் ஆளி'க்குப் போங்கன்னார். சனிவார்வாடாவுக்குப் பக்கம்தான். அத்தனை தடவை விருந்தாளிகளைக் கோட்டை பார்க்கக் கூட்டிட்டுப் போயிருக்கேன், இந்தத் தெருவுக்குள்ள ஒரு நாளும் நுழைஞ்சதில்லை.

தாம்பட்னா செம்பு அடிக்கறவர். (நம்ம குக்குறுவான் குருவிக்கும் மராத்தியில தாம்பட்னுதான் பேர். 'டுக் டுக்'னு விடாம தட்டற மாதிரியே கத்துமே, அதனால!) பேஷ்வா காலத்துல கொங்கணத்துலேர்ந்து வந்த குடும்பங்கள். அப்போ நாணயம், பீரங்கின்னு அரசாங்க வேலை. அப்புறம் குடம், அண்டா, வெந்நீர் போடற 'பம்ப்'. நம்ம ஊர் செப்பு பாய்லரோட அண்ணன்னு வெச்சுக்கங்க. எவர்சில்வரும் கீசரும் வந்ததும் அந்த வேலையெல்லாம் சுருங்கிப் போச்சு.

அறுபது தாண்டின காகா ஒருத்தர் தவலையை வாங்கி, கட்டை விரலால சுத்தி வரத் தடவினார். "கையால அடிச்சது. எந்த ஊர்?"னார். சொன்னேன். "உங்க ஊர் ஆள் நல்லா அடிச்சிருக்கான்"னார். தங்கமணிக்குக் கண் கலங்கிடுச்சு.

அப்புறம் சனிக்கிழமை லீவு கிடைச்சா அங்க போய் உட்கார்றது வழக்கமாச்சு. அவர் மராத்தி, நான் பேங்க் ஹிந்தி. செம்பைத் தீயில காட்டினா இளகும், அடிக்க அடிக்க இறுகும். மேல வரிசையா தெரியற சுத்தியல் குழி, 'மட்டார்'ங்கறாங்க, வெறும் அழகுக்கு இல்லை. தகட்டுக்குப் பலமே அதுதான். வரிசையில ஒரு அடி தப்பினாலும் கண்ணுல உறுத்தும்.

இவ்வளவும் தெரிஞ்ச நான் என்ன பண்ணினேன்? தண்ணிக்கு ஒரு குடம் விலை கேட்டேன். சொன்னதும் மனசுக்குள்ள கிலோ கணக்குப் போட்டு, "செம்பு விலையே இவ்வளவு வராதே காகா"ன்னேன். அவர் அடிக்கறதை நிறுத்தாமலே, "உங்களுக்கு பேங்க்ல எடை போட்டா சம்பளம் தர்றாங்க?"ன்னார்.

நகைக்கடன் கொடுத்துக் கொடுத்துக் கெட்டுப்போன கண்ணு என்னோடது. அங்க எடையும் மாத்தும்தான் கணக்கு, செய்கூலியை யாரும் சீண்டறதில்லை. சரி, அது அடகு. ஆனா நாம வாங்கும்போது? ஏசி போட்ட நகைக்கடையில செய்கூலி, சேதாரம்னு பில்லுல போட்டா வாயே திறக்கறதில்லை. தரையில உட்கார்ந்து நாள் முழுக்க அடிக்கறவர்கிட்ட மட்டும் காயலாங்கடை விலை பேசறோம். கடைக்காரருக்கு ஒரு நியாயம், கைக்காரருக்கு ஒரு நியாயமா?

கைத்தொழிலைக் காப்போம்னு கொடி பிடிக்க வரலைங்க. எங்க வீட்டுலயும் குக்கரும் எவர்சில்வரும்தான். காகாவோட பையன் ஹிஞ்சவாடியில ஐ.டி. வேலை பார்க்கறான், அவன் இங்க வந்து உட்காரணும்னு சொல்ல நான் யாரு? வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, அந்தக் கைக்கும் சேர்த்துக் கொடுத்துடணும்ங்கறேன். அவ்வளவுதான்.

மச்சினர் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு குடம் சொல்லி வெச்சிருக்கேன். பேரம் பேசலை. "ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாம்"ங்கறா தங்கமணி.