பிறவி மேதைக்குப் பயிற்சி மையம் எதற்கு?

மதுரை வில்லாபுரம் ஹவுசிங் போர்டுப் பக்கம் இந்த வாரம் ஒரு பிளக்ஸ் முளைத்திருக்கிறது. கோட்டு மாட்டிய மூன்று வயதுப் பையன், கழுத்து நிறைய மெடல். உலக நாடுகளின் தலைநகரங்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பானாம். 'பிறவி மேதை' என்று கொட்டை எழுத்து. கீழே ஒரு பயிற்சி மையத்தின் செல்போன் எண். பிறவியிலேயே மேதை என்றால் பயிற்சி மையம் எதற்கு? பிளக்ஸ்களோடு எனக்குத் தீராப் பகை.

எரிச்சல் வந்தால் நான் எடுக்கும் புத்தகம், நாடக நடிகர் அவ்வை தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'. அதில் நம்ம ஊர்ச் சங்கதி ஒன்று உண்டு.

பெரிய நடிகர்கள் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று நொந்துபோன நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், பிள்ளைகளை வைத்தே நாடகம் நடத்த 1918-இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வைத் தொடங்கினார். அதில் சேரும்போது சண்முகத்துக்கு ஆறு வயது. அவரை அபிமன்யுவாக மேடையேற்ற, நான்கு மணி நேர நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் சுவாமிகள். ஊர் பையனைப் பார்த்து வாய் பிளந்தது. எனக்கு அந்த வாத்தியார் மேல்தான் வியப்பு.

சண்முகத்தின் அப்பா கண்ணுசாமிப் பிள்ளையும் பெண் வேடம் கட்டிய நடிகர். அண்ணன்மாரும் அதே சபாவில். கண் விழித்தால் பாட்டு, கண் அயரும்வரை வசனம். அந்நாளில் இதே மதுரையில் வளர்ந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பாட்டு பத்து வயதில் இசைத்தட்டாக வந்தது. அம்மா சண்முகவடிவு வீணை, பாட்டி அக்கம்மாள் வயலின். அந்த வீட்டில் பாடாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

பாலர் நாடகக் கம்பெனிகளில் பையன்களுக்கு ஒரு கண்டம் உண்டு: மகரக்கட்டு. குரல் உடைந்ததும், கைதட்டிய அதே ஊர் அடுத்த பையனைத் தேடும். சண்முகத்தைக் காப்பாற்றியது சுவாமிகளிடம் கற்ற தொழில். 1922-இல் சுவாமிகள் மறைந்தார். 1925-இல் சகோதரர்கள் சொந்த சபாவே தொடங்கிவிட்டார்கள். 'அவ்வை' என்ற பட்டம்கூட, வளர்ந்து ஆளான பிறகு கிழவி வேடம் கட்டிச் சம்பாதித்ததுதான்.

பயிற்சி மையத்தில் பணம் கட்டப் போகும் பெற்றோரே, ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: உங்கள் பிள்ளைக்காக ஒரு ராத்திரி கண் விழிக்கிற வாத்தியார் அங்கே இருக்கிறாரா?