ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை சிலிண்டரா?

பிளஸ் 1 படிக்கும் என் அக்கா மகன், வேதியியல் நோட்டைத் தூக்கிக்கொண்டு முகம் வாடி வந்தான். "மாமா, ஃபார்முலா சரி, பெருக்கலும் சரி. ஆனா முழு மார்க்கும் போச்சு. ஏன்னே தெரியலை" என்றான்.

கேள்வி ரொம்ப எளிது. 30 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரி வரை சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் தேவை என்று கேள்வியிலேயே கொடுத்திருந்தார்கள். பையன் 1000, 4.2, 70 மூன்றையும் பெருக்கி, விடை 2,94,000 கிலோ ஜூல் என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான். பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. காரணம் எதுவும் எழுதப்படவில்லை.

"வாடா, சமையலறைக்குப் போய்ப் பார்ப்போம்" என்றேன். நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ காஸ். ஒரு கிராம் காஸ் முழுதாக எரிந்தால் சுமார் 46 கிலோ ஜூல் வெப்பம் தரும். அப்படியானால் 2,94,000 கிலோ ஜூலுக்கு எவ்வளவு காஸ்? வகுத்துப் பார்த்தான். ஏறக்குறைய 6,400 கிராம். அதாவது ஆறு கிலோவுக்கு மேல்! அடுப்படியில் நின்றிருந்த அக்கா திரும்பிப் பார்த்து, "ஒரு லிட்டர் தண்ணி வைக்க அரை சிலிண்டரா? அப்போ இனிமே இந்த வீட்டுல யாருக்கும் காபி கிடையாது" என்றாள். அப்போதுதான் பையனுக்கு உறைத்தது. அவன் கண்டுபிடித்தது ஜூல். எழுதியதோ கிலோ ஜூல். சரியான விடை 294 கிலோ ஜூல். அதற்குத் தேவை ஆறரை கிராமுக்கும் குறைவான காஸ். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் காற்றிலும் பாத்திரத்திலும் வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும் பத்து கிராம்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெப்ப வேதியியல் கணக்குகளை நாம் தலைகீழாகச் சொல்லித் தருகிறோம் என்பது என் கருத்து. முதலில் ஃபார்முலா, பிறகு எண்கள், கடைசியில் விடை. அந்த விடை நடக்கக்கூடியதா என்று யாரும் கேட்பதில்லை. 'இந்தக் கணக்கில் யார் சூடாகிறார்கள், யார் சூட்டைக் கொடுக்கிறார்கள், விடை பத்தா, ஆயிரமா, லட்சமா?' என்று ஒரு நிமிடம் யோசித்த பிறகுதான் பேனாவைத் திறக்க வேண்டும். 'மூன்று மணி நேரப் பரீட்சையில் இதற்கெல்லாம் ஏது நேரம்?' என்று சில ஆசிரியர்கள் கேட்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், பத்து வினாடி யோசனை மிச்சம் பிடித்து முழு மார்க்கையும் இழப்பது என்ன சிக்கனம்?

இன்னொரு வேடிக்கை. 'கெல்வினில் கணக்கிட வேண்டும்' என்று யாரோ சொல்லிவிட்டால் போதும், வித்தியாசத்தோடும் 273ஐக் கூட்டிவிடுகிறோம். 70 டிகிரி 343 ஆகிவிடுகிறது. நீங்களும் உங்கள் தம்பியும் ஒரே பெஞ்சின் மீது ஏறி நின்றால், உங்கள் இருவருக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம் மாறுமா? மாறாது அல்லவா! செல்சியஸில் 70 டிகிரி வித்தியாசம் என்றால், கெல்வினிலும் அதே 70தான்.

மாணவர்களை அதிகம் கவிழ்ப்பது மைனஸ் குறி. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கச் சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டு நீற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அடுப்பே இல்லாமல் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். சுட்ட சுண்ணாம்புக் கல் ஒரு மோல், அதாவது 56 கிராம், தண்ணீரோடு சேர்ந்தால் சுமார் 65 கிலோ ஜூல் வெப்பம் வெளிவருகிறது. புத்தகத்தில் இதை −65 என்று போட்டிருப்பார்கள். 'சூடு ஏறுகிறது, பிறகு ஏன் மைனஸ்?' என்று குழம்பாதவர்கள் குறைவு. நானும் பள்ளியில் குழம்பியவன்தான். விஷயம் இதுதான்: நாம் எழுதுவது வினையில் ஈடுபடும் பொருட்களின் கணக்கை, சுற்றியுள்ள தண்ணீரின் கணக்கை அல்ல. சுண்ணாம்பின் கையிலிருந்து ஆற்றல் போய்விட்டது, அதனால் மைனஸ். அந்த ஆற்றல் தண்ணீருக்கு வரவு, அதனால் தெர்மாமீட்டர் ஏறுகிறது. வயலுக்குத் தெளிக்க யூரியாவை வாளித் தண்ணீரில் கரைக்கிறார்களே, அந்த வாளியைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். அங்கே யூரியா கரைவதற்காகத் தண்ணீரிடமிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. தெர்மாமீட்டர் இறங்கும், குறியோ பிளஸ்.

(சுண்ணாம்பு நீற்றும் இடத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள். ஒரு கிலோ கல்லில் ஏறக்குறைய 18 மோல். அது தரும் வெப்பம் 1,160 கிலோ ஜூல். நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும்.)

அடுத்து, பிணைப்பு ஆற்றல். 'பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும்' என்று மனதில் பதிந்து போயிருந்தால் உடனே அழித்துவிடுங்கள். உடைப்பதற்கு நாம்தான் செலவு செய்ய வேண்டும். புதுப் பிணைப்பு உருவாகும்போதுதான் வரவு. ஹைட்ரஜனும் குளோரினும் சேரும் வினையைப் பாருங்கள். ஒரு மோல் ஹைட்ரஜனின் பிணைப்பை உடைக்க 436 கிலோ ஜூல், குளோரினுக்கு 242. மொத்தச் செலவு 678. இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு உருவாகும்போது, மோலுக்கு 431 வீதம் 862 வரவு. மிச்சம் 184 வெளியே வருகிறது. ஆகவே விடை −184 கிலோ ஜூல். மளிகைக் கணக்கு போடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையா?

எனக்கு மிகவும் பிடித்தது ஹெஸ் விதி. ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவில் பணியாற்றிய ஜெர்மைன் ஹெஸ் 1840ல் வெளியிட்டது. எந்த வழியாகப் போனாலும், மொத்த வெப்ப மாற்றம் ஒன்றுதான் என்கிறது அது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். குன்னூர் வழியாக பஸ்ஸில் போனாலும், கோத்தகிரி வழியாகப் போனாலும் நீங்கள் ஏறிய உயரம் 1,910 மீட்டர்தானே? திரும்பி இறங்கினால் −1,910. வினையைத் திருப்பிப் போட்டால் குறியை மாற்று என்பதும் இதுதான்.

இதனால் என்ன லாபம்? கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு மட்டும் உண்டாகும்போது எவ்வளவு வெப்பம் வருகிறது என்று நேரடியாக அளப்பது கடினம். கூடவே கார்பன் டை ஆக்சைடும் வந்து கலந்துவிடும். ஆனால் கரி முழுதாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆனால் −393.5. கார்பன் மோனாக்சைடு எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆனால் −283. இரண்டையும் அளந்துவிடலாம். கழித்தால் −110.5 கிலோ ஜூல். அளக்க முடியாததை நோட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிட்டோம்! இன்னும் ஒன்று தெரிகிறது பாருங்கள். காற்று போதாமல் கரி எரிந்தால் கிடைக்க வேண்டிய வெப்பத்தில் கால் பங்கைச் சற்றுத் தாண்டித்தான் கைக்கு வருகிறது. மிச்சம் எரியாத விஷவாயுவாக அறைக்குள் நிற்கிறது. குளிருக்குக் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாமலே போன செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள்.

இவ்வளவும் பேசி முடித்த பிறகு, அக்கா மகனுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். உங்களுக்கும் அதையே தருகிறேன். வாளியில் 15 லிட்டர் தண்ணீர். வெப்பநிலை 25 டிகிரி. குளிக்க 40 டிகிரி வேண்டும். 1,500 வாட் ஹீட்டர் வினாடிக்கு 1,500 ஜூல் தரும். வெப்பம் எதுவும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டால், எத்தனை நேரம் ஆகும்? முதலில் ஊகியுங்கள், பிறகு போடுங்கள். பத்தரை நிமிடம் என்று வந்தால் சபாஷ். ஏழு நாள் என்று வந்தால், ஜூலையும் கிலோ ஜூலையும் இன்னொரு முறை பாருங்கள். அதுவரை பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போங்கள்!