நாயகர்கள் மிஞ்சுகிறார்கள், ஆட்டங்கள் மறைகின்றன

2023இல் மார்ச் முதல் ஜூலைக்குள் வீடியோ கேம் உலகிலிருந்து நான்கு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. மார்ச் 27 அன்று நிண்டெண்டோ நிறுவனம் தனது ‘3டிஎஸ்’, ‘வீ யூ’ கருவிகளுக்கான இணையக் கடையில் விற்பனையை நிறுத்தியது. அங்கே மட்டும் கிடைத்துவந்த நூற்றுக்கணக்கான ஆட்டங்களைக் காசு கொடுத்து வாங்க அதன்பின் வழியில்லாமல் போனது. ஏப்ரல் முதல் வாரத்தில், அதே நிறுவனத்தின் புகழ்பெற்ற நாயகனான மாரியோவை வைத்து எடுக்கப்பட்ட அனிமேஷன் படம் வெளியாகி, உலகம் முழுவதும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதற்கடுத்த வாரம், 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்துக்குக் கோஜி கோண்டோ அமைத்த இசையை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. வீடியோ கேம் இசை அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் முறை. ஜூலையில், ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் விற்பனையில் இல்லை என்றது அந்த ஆய்வு.

இந்த நான்கையும் சேர்த்துப் படித்தால் நம் காலத்தின் ஒரு பெரிய முரண் தெரியும். பழைய ஆட்டங்களின் நாயகர்களைத் திரையிலும் சட்டைகளிலும் ஒலிம்பிக் மேடையிலும் உலகம் கொண்டாடுகிறது. 2016இல் ரியோ ஒலிம்பிக் நிறைவு விழாவில் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே மாரியோ வேடத்தில் தோன்றினார். 2021இல் டோக்கியோ தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்பு ‘டிராகன் குவெஸ்ட்’, ‘ஃபைனல் ஃபேன்டஸி’ ஆட்டங்களின் இசையோடு நடந்தது. ஆனால் இந்தப் பெருமை எல்லாம் எதிலிருந்து பிறந்ததோ, அந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை இன்றைய இளைஞர் ஒருவர் சட்டப்படி ஆடிப் பார்க்க முடியாது. கொண்டாட்டத்தைப் பாதுகாப்பு என்று நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். விற்பனையிலிருந்து போய்விட்ட ஆட்டங்களை நூலகங்கள் வாசகர்களுக்குத் திறந்துவிடச் சட்டம் இடம் தர வேண்டும். அது நடக்காதவரை இந்தக் கலையின் முதல் ஐம்பது ஆண்டு வரலாறு நம் கண்ணெதிரே கரைந்துகொண்டுதான் இருக்கும்.

வீடியோ கேம்கள் பிற கலைகளோடு கொண்ட உறவு மேலோட்டமானதாக ஒருபோதும் இருந்ததில்லை. ஷிகேரு மியாமோட்டோ 1981இல் ‘டாங்கி காங்’ ஆட்டத்தை உருவாக்கியபோது முதலில் மனத்தில் இருந்தது பொப்பாய் சித்திரக் கதை. அதற்கான உரிமை கிடைக்காததால் குரங்கு, தச்சன், கடத்தப்பட்ட பெண் என்று கதை மாறியது. அந்தத் தச்சன்தான் பின்னாளில் மாரியோ ஆனான். குரங்கைப் பார்த்த யுனிவர்சல் ஸ்டுடியோ, இது ‘கிங் காங்’ படத்தின் நகல் என்று வழக்குத் தொடுத்தது. கிங் காங் கதை பொதுவுடைமை என்று அதே யுனிவர்சல் 1970களில் வேறொரு வழக்கில் வாதிட்டு வென்றிருந்ததை நிண்டெண்டோவின் வழக்கறிஞர் ஜான் கிர்பி எடுத்துக்காட்டினார். யுனிவர்சல் தோற்றது, 1984இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. உலகின் மிகப் பெரிய வீடியோ கேம் நிறுவனங்களில் ஒன்று நிமிர்ந்து நின்றதற்கு, ஒரு பழைய கதை எல்லோருக்கும் பொதுவாக இருந்தது முக்கியக் காரணம். பண்பாடு இப்படித்தான் வளர்கிறது: முன்னால் வந்ததை அடுத்து வருபவர் எடுத்தாளும்போது.

இன்னும் சான்றுகள் உண்டு. 1978இல் ஜப்பானின் ‘யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா’ குழு தன் முதல் இசைத்தட்டிலேயே ஆட்டக் கூடங்களின் ஒலிகளைச் சேர்த்தது. 1980இல் டோரு இவாட்டானி உருவாக்கிய ‘பேக் மேன்’ இரண்டே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு வெற்றிப் பாடலாகவும் தொலைக்காட்சிக் கார்ட்டூனாகவும் ஆனது. 1987இல் வந்த ‘கான்ட்ரா’வின் விளம்பரப் படத்தில் இருந்த இரு வீரர்களும் அர்னால்டையும் ஸ்டாலோனையும் அப்படியே நினைவூட்டினார்கள். ஜோர்டான் மெக்னர் 1989இல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வை உருவாக்கத் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்தார். வாள் சண்டைக்கு 1938ஆம் ஆண்டு ‘ராபின் ஹுட்’ படத்தின் இறுதிச் சண்டையைச் சட்டம் சட்டமாகப் பார்த்து வரைந்தார். ஹாலிவுட்டின் பொற்காலத்து வாள்வீச்சு இப்படித்தான் கணினித் திரைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் சினிமாவையும் இசையையும் எழுத நினைக்கும் ஆய்வாளர் இந்த ஆட்டங்களைத் தவிர்த்துவிட்டு அந்த வரலாற்றை முழுமையாக எழுத முடியாது.

அப்படியானால் படங்களும் வீடியோப் பதிவுகளும் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஆட்டம் என்பது ஆடும்போது மட்டுமே முழுமை பெறும் கலை. டொமொஹிரோ நிஷிகாடோ 1978இல் உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். எதிரிக் கப்பல்களை ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்த வீழ்த்த, மீதமிருப்பவை வேகமெடுக்கும். திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறைய அன்றைய சில்லுக்கு வேலை எளிதானது. வேகம் தானாகக் கூடியது. நிஷிகாடோ அந்தக் குறையை அப்படியே ஆட்டத்தின் உயிராக்கிக்கொண்டார். கூடவே நான்கு சுரங்கள் கொண்ட தாளமும் வேகமெடுத்து ஆடுபவரின் படபடப்பை ஏற்றியது. வெற்றியை நெருங்க நெருங்கப் பயம் கூடுகிறது என்ற இந்த அனுபவத்தைப் புகைப்படமோ அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியோ தர முடியாது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் ‘பேக் மேன்’, ‘டெட்ரிஸ்’ உள்ளிட்ட 14 ஆட்டங்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது, பார்வையாளர்கள் ஆடிப் பார்ப்பதற்கும் வழி செய்ததன் காரணம் இதுதான்.

ஆட்டங்கள் மறைவதற்கான காரணத்தைத் தேடினால் கசப்பான உண்மை ஒன்று தென்படும். எந்தப் பண்பாட்டுத் தொடர்புகள் ஓர் ஆட்டத்துக்குச் செழுமை தருகின்றனவோ, அவையே பிற்பாடு அதை விற்பனையிலிருந்து இறக்கிவிடுகின்றன. ஒவ்வொரு பாடலுக்கும் பாத்திரத்துக்கும் பின்னால் ஓர் உரிமை ஒப்பந்தம் இருக்கிறது. அதற்குக் காலக்கெடு இருக்கிறது. நம் ஊர்களின் இணைய மையங்களில் ஒரு தலைமுறையே ஆடித் தீர்த்த ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’ 2002இல் வந்தது. 1980களின் மயாமியை நினைவூட்டும் அந்த நகரத்தின் பாதி உயிர் காரின் வானொலியில் ஒலித்த அக்காலப் பாடல்களில் இருந்தது. பிற்காலப் பதிப்புகளில் அவற்றுள் சில நீக்கப்பட்டன. ‘ஆலன் வேக்’ ஆட்டம் 2017இல் பாடல் உரிமைகள் முடிந்ததால் இணையக் கடைகளிலிருந்து இறக்கப்பட்டு, ஓராண்டுக்கு மேல் கழிந்து உரிமைகள் புதுப்பிக்கப்பட்ட பிறகே திரும்பியது. ஜேம்ஸ் பாண்ட் படத்தை ஒட்டி 1997இல் வந்து, துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களின் போக்கையே மாற்றிய ‘கோல்டன்ஐ 007’, பல நிறுவனங்களின் உரிமைகள் பின்னிக் கிடந்ததால் மறுவெளியீடு காண 2023 வரை காத்திருந்தது. இவை பெயர்பெற்ற ஆட்டங்கள். பேரம் பேசிச் செலவழிக்க ஆள் இருந்தது. அந்த அளவு புகழ் இல்லாத ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்கு வாதாட யாரும் இல்லை.

காலமும் எதிராக ஓடுகிறது. நிறுவனங்களுக்காக உருவாக்கப்பட்ட படைப்புகளுக்கு, அவை வெளியான நாளிலிருந்து 95 ஆண்டுகள் அமெரிக்கச் சட்டம் பதிப்புரிமை தருகிறது. அதன்படி 1985இல் வந்த ஓர் ஆட்டம் 2080 முடியும்வரை உரிமையாளரின் பூட்டுக்குள் இருக்கும். அதைத் தாங்கியிருக்கும் காந்த வட்டுகள் அவ்வளவு காலம் தாங்காது. ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வின் மூல நிரல் தொலைந்துவிட்டதாகவே மெக்னர் நினைத்திருந்தார். 2012இல் அவருடைய தந்தை வீட்டில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்ததால் அது மீண்டது. நிபுணர்கள் உதவியோடு பழைய வட்டுகளைப் படித்து, நிரலை அவர் எல்லோருக்கும் வெளியிட்டார். ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ முதல் பாகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. புதிய பதிப்புக்காகத் தேடியபோது அசல் கோப்புகள் இல்லாததால் பல பகுதிகளை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. டிஸ்னியின் பாத்திரங்களைக் கொண்ட, பெரும் பணம் ஈட்டிய ஆட்டத்தின் கதியே இப்படி என்றால், உரிமையாளரின் அக்கறையை மட்டும் நம்பியிருக்க முடியாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் பார்க்க வேண்டும். ஆட்டங்கள் வெறும் பொழுதுபோக்கு, அவற்றுக்கு ஆவணக் காப்பகம் எதற்கு என்பது முதல் வாதம். நூறாண்டுக்கு முன் சினிமாவைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். விளைவு என்ன? அமெரிக்க மௌனப் படங்களில் சுமார் 70 சதவீதம் முற்றிலும் அழிந்துவிட்டதாக அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் வெளியிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. நம் இழப்பு இன்னும் கொடியது. நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ இல்லை. ஓடி முடிந்த சரக்கு என்று அவற்றை நினைத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை; பின்வரும் தலைமுறை கேட்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் தொடங்கப்பட்டபோது பெரும்பகுதி கைநழுவிப் போயிருந்தது. இந்தப் பாடத்தை இரண்டாம் முறை அதே விலை கொடுத்துக் கற்க வேண்டியதில்லை.

நிறுவனங்களே மறுபதிப்பு வெளியிடுகின்றனவே என்பது இரண்டாவது வாதம். வெளியிடுகின்றன, அது வரவேற்கத்தக்கது. ஆனால் எது விற்குமோ அதைத்தான் வெளியிடுவார்கள்; மிச்சம்தான் அந்த 87 சதவீதம். மறுபதிப்பும் அசலும் ஒன்றல்ல. 2021 நவம்பரில் மூன்று ‘ஜிடிஏ’ ஆட்டங்களின் மெருகேற்றிய பதிப்பு வந்தபோது பழைய பதிப்புகள் இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன. புதியவற்றில் குறைகள் மலிந்திருந்ததால் கண்டனம் எழுந்தது. அதன் பிறகே பழையவற்றைத் தன் தளத்தில் மீண்டும் தருவதாக ராக்ஸ்டார் நிறுவனம் அறிவித்தது. பாடநூலைத் திருத்தி அச்சிட்டாலும் முதல் பதிப்பு நூலகத்தில் இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆட்டங்களுக்கும் அதையே எதிர்பார்ப்பதில் தவறில்லை.

மூன்றாவது வாதம் சற்று வலுவானது. பழைய கருவியைப் போலவே கணினியை நடந்துகொள்ள வைக்கும் எமுலேட்டர் மென்பொருளும், ஆர்வலர்கள் பகிரும் கோப்புகளும் இருக்கும்போது எதுதான் அழிந்துபோகிறது என்கிறார்கள். அந்த ஆர்வலர்கள் செய்த தொண்டு பெரிது. அவர்கள் இல்லையென்றால் பல ஆட்டங்கள் இன்று பெயரளவில்கூட மிஞ்சியிருக்காது. ஆயினும் ஒரு கலையின் நினைவு முழுவதையும் சட்ட மீறலின் மேல் நிறுத்திவைப்பது நாகரிகச் சமூகத்துக்கு அழகல்ல. ஒரே ஒரு வழக்கில் அந்தத் தளங்கள் மூடப்படலாம். ஆய்வாளரோ ஆசிரியரோ வெளிப்படையாக அவற்றைப் பயன்படுத்த முடியாது. சர்வரை நம்பி ஓடும் ஆட்டங்களுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவுவதும் இல்லை. யூபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ கார் பந்தய ஆட்டத்தின் சர்வர்களை 2024 மார்ச் இறுதியில் நிறுத்தியபோது, முழு விலை கொடுத்து வாங்கியவர்களின் கையிலிருந்த வட்டும் பயனற்றுப்போனது. அதன் எதிரொலியாக ஐரோப்பாவில் தொடங்கிய குடிமக்கள் மனுவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

உரிமையாளர்களின் வருமானம் கெடும் என்ற அச்சமே கடைசித் தடை. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் இதை ஒட்டியே முடிவெடுத்தது. விற்பனையில் இல்லாத ஆட்டங்களை ஆய்வாளர்கள் நூலகங்களிலிருந்து தொலைவில் இருந்தபடியே அணுக அனுமதி கேட்டபோது, அது பொழுதுபோக்குக்காகப் பயன்படுத்தப்படலாம் என்ற காரணம் முன்வைக்கப்பட்டு, கோரிக்கை மறுக்கப்பட்டது. மற்ற மென்பொருள்களுக்கு அங்கே கிடைக்கும் அனுமதி ஆட்டங்களுக்கு மட்டும் இல்லை. படைப்பாளியின் உழைப்புக்குப் பலன் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் உரிமையாளரே விற்பதை நிறுத்திவிட்ட பொருளிலிருந்து இழக்க என்ன வருமானம் இருக்கிறது? நாளை அவர் மறுபதிப்பு வெளியிட்டால் அன்றே நூலகத்தின் அனுமதி விலகிக்கொள்ளட்டும். மகிழ்ச்சிக்காக நாவல் படிப்பவருக்கு நூலகம் கதவடைப்பதில்லை. ஆட்டத்தில் கிடைக்கும் மகிழ்ச்சியை மட்டும் குற்றமாகப் பார்ப்பது நியாயமல்ல.

இது தொலைதூர நாட்டின் பிரச்சினை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. 1990களில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் மாரியோவும் கான்ட்ராவும் வந்தது பெரும்பாலும் நிண்டெண்டோவின் கருவியைப் பார்த்துச் செய்த மலிவு விலை டிவி கேம்கள் வழியாக. ஒரே கேசட்டில் பல ஆட்டங்களை அடைத்து விற்ற கடைகள் வழியாக. அந்த வரலாறு எந்த நிறுவனத்தின் ஆவணத்திலும் இருக்காது. அந்தக் கருவிகளும் கேசட்டுகளும் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்குள் சேகரிக்க வேண்டிய பொறுப்பு நம் பொது நூலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உண்டு. சட்டத் தளத்தில் கேட்க வேண்டியது இரண்டு. விற்பனையில் இல்லாத ஆட்டங்களைப் பாதுகாக்கவும், ஆய்வுக்கும் ஆடிப் பார்ப்பதற்கும் தரவும் இலாப நோக்கற்ற நூலகங்களுக்குத் தெளிவான விலக்கு வேண்டும். சர்வரை நிறுத்தும் நிறுவனம், வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடுவதற்கு ஒரு வழியை விட்டுச்செல்ல வேண்டும். இவற்றால் எந்த நிறுவனமும் நொடித்துப்போகாது. சினிமாவைக் காக்க வேண்டும் என்று உலகம் உணர்ந்தபோது அதை உருவாக்கிய முதல் தலைமுறையில் பலர் மறைந்திருந்தார்கள். மியாமோட்டோவும் நிஷிகாடோவும் இவாட்டானியும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். உருவாக்கியவர்களையே கேட்டு, சரிபார்த்து, முழுமையாகக் காக்கும் வாய்ப்பு வேறு எந்தக் கலைக்கும் இவ்வளவு தெளிவாக அமைந்ததில்லை. அதைப் பயன்படுத்த வேண்டிய காலம் இதுவே.