சிரிப்பில் போன வசனம்
நாடக நடிகர் காத்தாடி ராமமூர்த்திக்காக கிரேஸி மோகன் எழுதிய ‘அய்யா அம்மா அம்மம்மா’ நாடகத்தின் தூர்தர்ஷன் பதிவு எங்காவது கிடைக்குமா என்று நண்பர் ஒருவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் அது வேண்டும், காரணம்தான் வேறு. அந்த நாடகத்தை நான் பார்த்தேனே தவிர, முழுசாய்க் கேட்கவில்லை. தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்து டி.வி. பார்த்த காலம். ஒரு வசனத்துக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு கடி ஓடிப்போயிருக்கும். சபா மேடை என்றால் சிரிப்பு அடங்கும்வரை நடிகர் காத்திருப்பார். பெட்டிக்குள் இருப்பவருக்கு எங்கள் கூச்சல் எப்படிக் கேட்கும்? “என்ன சொன்னான், என்ன சொன்னான்?” என்று துளைத்த எதிர்வீட்டு மாமிக்கு யாரும் பதில் சொன்னதாக ஞாபகமில்லை. அந்தப் பதிவு இப்போது மிஞ்சியிருக்குமா என்பதே சந்தேகம். அந்நாளில் ஒளிநாடா விலை அதிகம். பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவது தொலைக்காட்சி நிலையங்களில் சகஜம். மாமி தவறவிட்ட ஜோக்கின்மேல் எந்த ‘வயலும் வாழ்வும்’ விவசாய நிகழ்ச்சி உரம் போட்டுக்கொண்டிருக்கிறதோ!