நர்சுக்கு மருந்தெழுத யோக்கியதை இல்லையா?

கிராமத்திலே ஒரு கூலிக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் முதலில் யாரிடம் போகிறான் என்பதைச் சற்று யோசித்துப் பார்த்தால், வைத்தியத்தைப் பற்றி நாம் பேசிக்கொள்ளும் பெருமையில் பாதிக்கு மேல் வெறும் பேச்சு என்பது விளங்கிவிடும். பட்டணத்துப் பணக்காரன் டாக்டரிடம் போகிறான். கூலிக்காரனோ மருந்துக் கடைக்காரனிடம் போகிறான். இல்லாவிட்டால் மந்திரிக்கிறவனிடம் போகிறான். அதுவும் இல்லாவிட்டால் கோவில் விபூதியைப் பூசிக்கொண்டு படுத்துவிடுகிறான். டாக்டரிடம் போவதென்றால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும், கூட ஒரு ஆளும் வரவேண்டும். அப்படிப் போனாலும் அங்கே டாக்டர் இருப்பார் என்பதும் நிச்சயமில்லை. ஆகவே அவனை மூடநம்பிக்கைக்காரன் என்று கண்டித்துவிட்டு நாம் சும்மா இருப்பதில் யோக்கியமில்லை. பகுத்தறிவான வைத்தியம் அவன் வீட்டு வாசலுக்கு எட்டாதிருக்கிறவரையில், மந்திரிக்கிறவன் வாசலில் கூட்டம் இருக்கத்தான் செய்யும்.

இந்த நிலையில் ஒருவரை மாத்திரம் நாம் எல்லோரும் மறந்துவிடுகிறோம். அவர்தான் நர்சு. நடுராத்திரியில் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்ப்பதும், ஜுரம் அளப்பதும், ஊசி போடுவதும், புண்ணைக் கழுவுவதும், ஆபத்து வருகிறதென்று முதலில் கண்டு டாக்டரைக் கூப்பிட்டு அனுப்புவதும் அவர்தான். அப்படியிருக்க, ஒரு சாதாரண இருமலுக்கோ, வயிற்றுப்போக்குக்கோ அவர் தம் கையெழுத்துப் போட்டு மருந்து எழுதிக் கொடுக்கப் பொதுவாக நமது சட்டம் இடங்கொடுப்பதில்லை. படிப்பே இல்லாத கடைப் பையன் எடுத்துக் கொடுத்தால் கேட்பாரில்லை. நான்கு வருஷம் படித்த நர்சு எழுதிக் கொடுத்தால் குற்றம்! இந்த நியாயம் எந்தப் பகுத்தறிவில் சேர்ந்தது என்று கேட்கின்றோம்.

இது ஏதோ நாம் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லும் சங்கதியல்ல. அமெரிக்காவில் கொலராடோ சர்வகலாசாலையில் 1965-ம் வருஷத்திலேயே லோரெட்டா ஃபோர்டு என்ற நர்சு அம்மையாரும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்திய டாக்டரும் சேர்ந்து இதற்கென்றே ஒரு படிப்பை ஆரம்பித்தார்கள். அந்த அம்மையார் அதற்கு முன் கிராமப் பக்கங்களில் வீடுவீடாகச் சென்று வேலை செய்த சுகாதார நர்சு. டாக்டர் கிடைக்காத ஊர்களில் தாயும் பிள்ளையும் படும் கஷ்டத்தை நேரில் பார்த்தவர். நர்சுக்கு நோயைச் சோதித்துத் தெரிந்துகொள்ளவும், சாதாரண நோய்களுக்குச் சிகிச்சை செய்யவும், தமக்கு மேற்பட்டது எது என்று அறிந்து டாக்டரிடம் அனுப்பவும் மேற்கொண்டு கற்றுக் கொடுத்தால் போதும் என்பது அவர்களுடைய எண்ணம். அவ்விதம் படித்தவர்களுக்குத்தான் நர்சு பிராக்டிஷனர் என்று பெயர். அந்தப் பெயரோடு இன்று அத்தேசத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட மாகாணங்களில் டாக்டரின் மேற்பார்வைக் கையெழுத்து இல்லாமலே அவர்கள் வைத்தியம் செய்யலாம். லோரெட்டா அம்மையார் தாம் விதைத்தது மரமானதைத் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டு, 2025-ம் வருஷம் ஜனவரியில் தமது 104-வது வயதில் காலமானார்.

“அது சரி, நர்சு கையில் நோயாளியை விட்டால் செத்துப்போவானே” என்பது சிலருடைய ஆக்ஷேபணை. இதற்கு வாதத்தினால் பதில் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சை செய்து பார்த்த கணக்கே பதில் சொல்லுகிறது. கனடா தேசத்தில் பர்லிங்டன் என்ற ஊரில் குடும்பங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்ததுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை டாக்டரிடமும் மற்றொரு பிரிவை நர்சு பிராக்டிஷனரிடமும் விட்டுப் பார்த்தார்கள். 1974-ல் அதன் முடிவு வெளிவந்தது. சாவிலும் சரி, உடல் நிலையிலும் சரி, இரு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. நர்சிடம் வந்தவர்களில் நூற்றுக்கு 67 தடவை டாக்டரைக் கேட்காமலே காரியம் முடிந்தது. பிறகு நியூயார்க் பட்டணத்தில் 1316 பேரை இதேபோல் பிரித்துப் பார்த்து 2000-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். ஆஸ்துமா, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரத்தாரின் ஆரோக்கியமும் ஒன்றாகவே இருந்தது. 2018-ல் இப்படிப்பட்ட 18 பரீட்சைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்களும், ஆரம்ப சிகிச்சையில் தக்க பயிற்சி பெற்ற நர்சு செய்யும் வேலை டாக்டர் செய்யும் வேலைக்குச் சமமாகவோ, சில விஷயங்களில் சற்று மேலாகவோ இருக்கக்கூடும் என்றுதான் சொன்னார்கள். நர்சு நோயாளியோடு அதிக நேரம் பேசுகிறார் என்பதையும் குறித்திருக்கிறார்கள்.

இவை பணக்கார தேசங்களின் கதை என்று யாராவது சொல்லக்கூடும். தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். எய்ட்ஸ் நோயால் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக மாண்டுகொண்டிருந்த அந்த நாட்டில், டாக்டர் வரட்டும் என்று காத்திருந்தால் சுடுகாடுதான் நிறையும் என்று கண்டு, 2010 முதல் நர்சுகளே அந்நோய்க்கு மருந்து ஆரம்பித்துக் கொடுக்கும்படி செய்தார்கள். இங்கிலாந்தில் 1992-ல் சட்டம் செய்து, 2006 முதல் தனிப் பயிற்சி பெற்ற நர்சுகள் அநேகமாக எல்லா மருந்துகளையுமே எழுதலாம் என்று வைத்துவிட்டார்கள். அங்கெல்லாம் டாக்டர்களின் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நிற்க, நமது தேசத்தில் நடந்ததென்ன? 2019-ம் வருஷத்து தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-வது பிரிவில், சமூக சுகாதார ஊழியர் என்பவருக்கு ஆரம்ப வைத்தியத்திலும் நோய்த்தடுப்பிலும் மாத்திரம், குறிப்பிட்ட சில மருந்துகளைத் தாமே எழுத ஒரு சிறு அனுமதி கொடுக்கலாம் என்று எழுதினார்கள். உடனே டாக்டர்களின் சங்கத்தார் போலி வைத்தியத்துக்குச் சட்டம் போடுகிறீர்கள் என்று சொல்லி, அவ்வருஷம் ஜூலை 31-ந் தேதி நாடெங்கும் வேலை நிறுத்தம் செய்தார்கள்.

அவர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. அந்தப் பிரிவில், அனுமதி பெறுகிறவர் யார், அவர் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்பது தெளிவாக இல்லை. நர்சாகப் படித்தவரும், வேறு ஏதோ சிறு வேலை கற்றவரும் ஒரே கதவு வழியாக நுழையலாம் என்றால் அது ஜனங்களுக்கு ஆபத்துதான். ஆனால் கதவு பெரிதாயிருக்கிறது என்றால் அளவாக வை என்று கேட்பதல்லவா முறை? கதவே கூடாது என்று மறிப்பதற்கு நோயாளியின் மேலுள்ள கருணை மாத்திரம் காரணமாயிருக்க முடியுமா? டாக்டர் போக மறுக்கும் கிராமத்துக்கு நர்சும் போகக்கூடாது என்றால், பிறகு அங்கே போகிறவன் யார்? போலி வைத்தியன்தானே?

இதற்கு அடியில் இன்னொரு விஷயமும் இருக்கின்றது. நம் நாட்டில் தொட்டுச் செய்கிற வேலை எதுவானாலும் அது தாழ்ந்த வேலை. மனுதர்மத்தில் வைத்தியன் கொடுக்கும் சோற்றை உண்ணக்கூடாதென்றும், சிராத்தத்துக்கு அவனை அழைக்கக் கூடாதென்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். காரணம், அவன் இரத்தத்தையும் சீழையும் தொடுகிறவன். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியை நடுராத்திரியில் ஓடிப்போய்க் கூப்பிட்டு வருவார்கள். பிள்ளை பிறந்த பின் அவள் தொட்டது தீட்டு என்று தலை முழுகுவார்கள். இங்கிலீஷ் வைத்தியம் வந்து பணமும் பட்டமும் சேர்ந்தவுடன் டாக்டருக்கு மாத்திரம் அந்தத் தீட்டு கழிந்துவிட்டது. மிச்சமிருந்த தீட்டு முழுவதும் நர்சின் தலையில் விழுந்தது. அவள் பெண்ணாகவும் இருந்துவிட்டதால் அது இரட்டைத் தீட்டாயிற்று. தலையினால் செய்யும் வேலை ஒரு ஜாதிக்கு, கையினால் செய்யும் வேலை மற்றொரு ஜாதிக்கு என்று பிரித்துவைத்த புத்திதான், “சோதிக்கும் அறிவு டாக்டருக்கு, துடைக்கும் வேலை நர்சுக்கு” என்று ஆஸ்பத்திரிக்குள்ளும் புகுந்திருக்கின்றது. கோவில் கர்ப்பக்கிரகத்துக்குள் எல்லோரும் போகக்கூடாது என்பதற்குச் சொல்லும் நியாயத்துக்கும், மருந்துச் சீட்டை டாக்டர் தவிர யாரும் தொடக்கூடாது என்பதற்குச் சொல்லும் நியாயத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதை வாசகர்களே அளந்து பார்க்கட்டும்.

ஆனால் நமது கட்சியைச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. 2018 முதல் இந்திய சர்க்கார் துணை சுகாதார நிலையங்களைச் சீர்படுத்தி, அங்கே நர்சு முதலியவர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி கொடுத்து வைத்து வருகிறார்கள். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் ஆரம்பித்து, இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நடக்கிறது. இவை நல்ல காரியங்கள். கூலியை இழக்காமல் ஒருவனுக்கு மாத்திரை கிடைப்பது சிறு விஷயமல்ல. ஆனால் மேலே நாம் காட்டிய கணக்குகளெல்லாம், நர்சுப் படிப்பு முடித்து, அதற்கு மேலும் தனிப் பயிற்சி பெற்றவர்களைப் பற்றியவை. அந்தக் கணக்கைக் காட்டி ஆறு மாதப் பயிற்சியே போதும் என்று சாதிப்பது பித்தலாட்டமாகும். மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போகும் பெண்களின் உழைப்பு பெரிது. அவர்களை நர்சென்று சொல்லிக் கணக்கு முடிப்பது அவர்களுக்கும் நியாயமல்ல, நோயாளிக்கும் நியாயமல்ல. ஏழைக்கு மலிவு வைத்தியம், பணக்காரனுக்கு அசல் வைத்தியம் என்பதற்கு நாம் ஒருபோதும் சம்மதிக்க மாட்டோம். நர்சு இருக்கிறாரே என்று சாக்குச் சொல்லி டாக்டர் வேலையைக் காலியாகப் போட்டு வைப்பதற்கும் சம்மதிக்க மாட்டோம்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். நர்சுப் படிப்பு முடித்துச் சில வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு, ஆரம்ப வைத்தியத்துக்கென்று குறைந்தது இரண்டு வருஷ மேற்படிப்பு வேண்டும். அதில் தேறியவர் எந்தெந்த நோயைப் பார்க்கலாம், எந்தெந்த மருந்தை எழுதலாம் என்று சட்டத்திலேயே பட்டியல் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த நிமிஷமே கேட்க ஒரு டாக்டரும், ஆபத்து வந்தால் அனுப்ப ஒரு வண்டியும் ஏற்பாடாக இருக்க வேண்டும். தவறு செய்தால் டாக்டரைப் போலவே அவரும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்புக்குத் தக்க சம்பளமும், வருஷா வருஷம் ஒப்பந்தக் காகிதத்துக்குக் கையேந்தாத நிரந்தர உத்தியோகமும் கொடுக்க வேண்டும். பொறுப்பை மாத்திரம் கொடுத்துவிட்டுச் சம்பளத்தையும் மரியாதையையும் பிடித்து வைத்துக்கொள்வது, பழைய ஜாதிமுறையைப் புதுப் பெயரில் நடத்துவதேயாகும்.

கடைசியாக நமது தோழர்களையும் ஒன்று கேட்கின்றோம். ஊசி போடாத வைத்தியம் வைத்தியமே அல்ல என்று நினைக்கிறவர்கள் நம்மிலும் எத்தனை பேர்? “தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, உப்பைக் குறை, மாத்திரையை நிறுத்தாதே” என்று நர்சு சொன்னால், “இவள் யார் சொல்ல?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறவர்கள் எத்தனை பேர்? நர்சு வேலைக்குப் போகும் பெண்ணென்றால் சம்பந்தம் பேச யோசிக்கிறவர்கள் எத்தனை பேர்? தன்மானத்தைப் பற்றி மேடையில் பேசுகிற நாம், நம் தாய்மார்களின் மலஜலத்தை முகம் சுளிக்காமல் துடைத்த ஒரு பெண்ணின் தன்மானத்தை வீட்டுத் திண்ணையிலே விட்டுவிட்டால், அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு?

சட்டசபையில் மாறவேண்டியது ஒரு பாகம். அதற்கு நாம் போராடத்தான் வேண்டும். நம் புத்தியில் மாறவேண்டியது மற்றொரு பாகம். அதற்கு எந்தச் சட்டசபையும் கூடவேண்டியதில்லை. அடுத்த தடவை துணை சுகாதார நிலையத்து நர்சு நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, உட்காரச் சொல்லி நாற்காலி போட்டு, அவர் சொல்லுகிறதைக் காது கொடுத்துக் கேட்பதிலிருந்தே இதை ஆரம்பிக்கலாம்.