தொடுதலும் மாற்றுதலும்

பார்வையாளனைப் பங்காளியாக்கிவிட்டோம் என இன்று சிலர் பறைசாற்றுகின்றனர். அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரிற் பழைய பௌலிங் கூடமொன்றில் மியாவ் வுல்ஃப் நிறுவனத்தார் 2016இல் திறந்த மாயவீட்டை நோக்குவோம். அங்கே குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் வேறோர் உலகம் விரிகிறது. ஆதியானையின் விலா எலும்பைத் தட்டினால் இசை எழுகிறது. அக்கற்பனையை நாம் பழிக்கவில்லை. ஆயின், சீட்டு வாங்கி நுழைந்தவன் தொட்டவற்றுள் எதனை மாற்றினான்? முன்னரே வகுத்த வியப்பை நுகர்ந்து திரும்பினான், அவ்வளவே.

2008இற் கலைஞர் கூட்டாய்த் தோன்றியது, பின்னர் இலாபம் நாடும் நிறுவனமாயிற்று. அதன் ஊழியர் 2020இல் தொழிற்சங்கம் அமைத்தனர். அம்மாயவீட்டில் நிகழ்ந்த மெய்யான பங்கேற்பு அதுவேயாகும். பார்ப்போனைப் பங்காளி என்பதன்முன், படைப்போனைப் பங்காளியாக்குக!