நாற்காலியில் மலையேறியவர்கள்

சென்ற மாதம் திண்டுக்கல்லில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில், பயண எழுத்தைப் பற்றிப் பேசவந்த விமரிசகர் ஒருவர் தீர்ப்பொன்று வழங்கினார். தமிழனுக்கு மலையேறும் மரபு கிடையாது. காட்டில் தங்குவதும் சிகரம் தேடி நடப்பதும் ஐரோப்பியர் நமக்குக் கற்றுத்தந்தவை. வாழ்நாள் முழுக்க மலைகளில் அலைந்த ஒருவனின் நூல் நம்மிடம் இல்லாததற்குக் காரணம் அதுவே. கூட்டம் கைதட்டியது. கேள்விக்கு நேரம் தரப்படவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் கொடைரோட்டில் குடியிருப்பவன். வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர். கல்லூரி மாணவனாக இருந்த நாள்தொட்டு இரண்டிலும் ஏறி இறங்கி வருகிறேன். விமரிசகர் சொல்லும் அந்த ஐரோப்பிய மலையேற்றம் புறப்பட்ட வாசலே எங்கள் ஊர்தான். 1875இல் மதுரைவரை ரயில் வந்தபின், கொடைக்கானலுக்குப் போகும் துரைமார்களும் பாதிரிமார்களும் அம்மையநாயக்கனூரில் இருக்கும் இந்த நிலையத்தில் இறங்கினார்கள். இங்கிருந்து பெரியகுளம் பக்கத்து அடிவாரம்வரை மாட்டுவண்டி. அதற்குமேல் குதிரை, அல்லது டோலி, அல்லது மூங்கில் கட்டிய நாற்காலி. நாற்காலியில் அமர்ந்திருந்தவர் மலையேறியதாகக் கடிதம் எழுதினார். அதைத் தோளில் சுமந்து செங்குத்தான பாதையில் நடந்தவர்கள் எதுவும் எழுதவில்லை. 1916இல் வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை திறக்கப்படும்வரை இதுவே நடைமுறை. ஒரு கோடைக்குள் அவர்களில் ஒருவன் எத்தனைமுறை ஏறி இறங்கியிருப்பான்! மரபு யாருடையது என்கிறீர்கள்?

'அவன் கூலிக்கு நடந்தான், விருப்பத்துக்கு நடக்கவில்லை' என்று பதில் வரும். கூட்டத்திலும் ஏறத்தாழ அதுவே சொல்லப்பட்டது: பாணன் பசிக்காக நடந்தான், கோவலன் பிழைப்புக்காக நடந்தான், அது வேறு. வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேவை என்பது நடையைத் தகுதியிழக்கச் செய்யுமென்றால், நடக்காமலே போனவருக்கு மட்டும் தகுதி எங்கிருந்து வந்தது?

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்கு வழி கேட்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் கொடும்பாளூரிலிருந்து பிரியும் மூன்று வழிகளைச் சொல்கிறான். வலப்பக்க வழியில் வாழையும் பலாவும் சூழ்ந்த மலையாக வருவது என் மாடியிலிருந்து தெரிகிற இதே சிறுமலை. எந்த மலையைச் சுற்றிப் போவது, எங்கே என்ன தொல்லை என்று நடந்து பார்த்தவன் சொல்லும் சொற்கள் அவை. மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேல். 583 அடிகளில் பெரும்பகுதி, கூத்தர் நன்னனின் மலைநாட்டுக்குப் போகும் வழிச்செய்தி. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு கிடக்கும் குழியை எப்படிக் கடப்பது, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, இரவில் கல்முழையில் தங்கி விடிந்தபின் புறப்படுவது எல்லாம் அதில் உண்டு. எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று. பாதை பிரியுமிடத்தில், பின்னால் வருகிறவர்கள் தவறிப்போகாதபடி புல்லை முடிந்து அடையாளமிட்டுப் போகச் சொல்கிறார் பெருங்கௌசிகனார்.

பதினைந்து ஆண்டுகள் இந்த அடிகளை ஐந்து மதிப்பெண் வினாவாகவே நடத்தினேன். ஒருமுறை சிறுமலையில் பனிமூட்டத்தில் வழி தவறி, பிரிவொன்றில் திகைத்து நின்றேன். ஒரு பாதையின் குறுக்கே பச்சைத்தழை ஒடித்துப் போடப்பட்டிருந்தது. பொதிக்குதிரையோடு பின்னால் வந்த பெரியவர், 'தழை கெடக்குற பக்கம் போகாதீங்க சார், அது மடக்குப் பாதை' என்றார். யார் போட்டது என்று கேட்டேன். 'முன்னால போனவுக' என்றார். அவர் மலைபடுகடாம் படித்ததில்லை. நான் படித்திருந்தேன், தழையைப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

நம்மிடம் நூல் இல்லை என்பது மெய். இல்லாதது எழுத்து, நடையல்ல. நடந்தவனுக்கு எழுத்து தரப்படவில்லை. எழுத்து கைவந்த எம்மைப் போன்றோர் நடக்கவில்லை. குற்றம் எங்கள் துறையுடையது. அதை மலையேறிய பரம்பரைமேல் சுமத்துவது அநியாயம்.

இது வெறும் புலமைச் சண்டையல்ல. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். இறந்தவர்களைக் குறைசொல்ல எனக்கு நாவெழவில்லை. ஆனால் காற்றின் போக்கையும் காய்ந்த புல்லின் குணத்தையும் அறிந்தவர்கள் அந்த மலையடிவாரத்திலேயே வாழ்கிறார்கள். 2024 அக்டோபரில் அரசு 40 மலைவழிகளைத் திறந்தபோது உள்ளூர் மக்களையே வழிகாட்டிகளாக நியமித்தது. வனத்துறைக்கு விளங்கிய ஒன்று இலக்கிய விமரிசகருக்கு விளங்காதது வியப்பு.

அவர் விரும்பினால் ஏதேனும் ஒரு ஞாயிறு அதிகாலையில் கொடைரோடு நிலையத்தில் இறங்கட்டும். சிறுமலைக்கு நானே அழைத்துப் போகிறேன். தண்ணீரை மட்டும் அவரே சுமக்கவேண்டும்.